பூர்ணம் விஸ்வநாதன் குரல் 50 ஆண்டு நின்றது எப்படி? நெகிரி செம்பிலான் தோட்டத்து நடிகர்கள் எங்கே போனார்கள்?

'வருஷம் 16' படம் பாத்திருக்கீங்களா? கார்த்திக்கின் தாத்தாவாக, அந்தப் பெரிய வீட்டையே கட்டி ஆள்பவராக ஒருத்தர் வருவார். 'மகாநதி'யில் கமல்ஹாசனோடு சிறையில் இருக்கும் பஞ்சாபகேசனும் அவர்தான். 'ஆசை'யில் கதாநாயகியின் அப்பாவும் அவர்தான். பெயர் தெரியாவிட்டாலும் முகம் உடனே ஞாபகத்துக்கு வரும்.

அவர் பெயர் பூர்ணம் விஸ்வநாதன். தமிழ்நாட்டில் அவரை முதலில் முகமாக யாருக்கும் தெரியாது, குரலாகத்தான் தெரியும். வானொலியில் செய்தி வாசித்தார், மேடையில் நடித்தார், அதற்குப் பிறகுதான் சினிமா. மூன்றிலும் சேர்த்து அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றார்.

அவர் கதைக்கும் நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கும் என்ன சம்பந்தம்? வானொலி, மேடை, திரை என்ற அதே மூன்று படிகள் சிரம்பான், ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத்துத் தோட்டங்களுக்கும் வந்தன. நடிக்கத் தெரிந்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானோரின் குரல் இன்று எங்கேயும் இல்லை. ஒருவர் நின்றதற்கும் பலர் மறைந்ததற்கும் என்ன காரணம்?

யார் இந்தப் பூர்ணம் விஸ்வநாதன்?

1921-இல் பிறந்தவர். 1940-களில் டெல்லி அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசிப்பாளராக இருந்தார். 1947 ஆகஸ்ட் 15 அன்று, இந்தியா சுதந்திரம் அடைந்த செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது.

குடும்பமே எழுத்தும் வானொலியுமாக இருந்த குடும்பம். அவருடைய அண்ணன் பூர்ணம் ராமச்சந்திரன், 'உமாசந்திரன்' என்ற பெயரில் எழுதியவர். ரஜினிகாந்த் நடித்து 1978-இல் வந்த 'முள்ளும் மலரும்' படம் அவருடைய நாவலிலிருந்து எடுக்கப்பட்டது.

அகில இந்திய வானொலி உள்நாட்டுக்கு மட்டும் பேசவில்லை. கடல் கடந்த தமிழர்களுக்காகச் சிற்றலையிலும் தமிழ் ஒலிபரப்பு நடந்தது. இலங்கையும் தென்கிழக்காசியாவும் அதன் எல்லைக்குள் இருந்தன. மலாயாவில் நல்ல வானொலிப் பெட்டி வைத்திருந்த வீட்டில் டெல்லியின் தமிழ் கேட்கும்.

1947-இல் அந்தச் செய்தி இங்கே வேற்றூர்ச் செய்தி அல்ல. ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சயாம் மரண ரயில்பாதைக்கு அனுப்பப்பட்டார்கள். சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சேர்ந்தார்கள். அதிலிருந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

ஆனால் ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். அப்போது மலாயாவின் கடிகாரம் இந்தியாவை விட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடியது. டெல்லியில் காலை 6 மணி என்றால் இங்கே 8 மணி. பால்மரம் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, அந்நேரம் காட்டில் மரத்தடியில் நிற்பார்கள். காலைச் செய்தியைக் கேட்க முடிந்தது வீட்டில் பெட்டி வைத்திருந்த கிராணி போன்ற சிலருக்குத்தான். மற்றவர்களுக்கு அது மத்தியானம், லயத்துக்குத் திரும்பிய பிறகு, வாய்வழியாக வந்து சேரும். யாருக்கு எப்போது ஓய்வு கிடைக்கிறது என்பது இந்தக் கதை முழுக்க நம்மோடு வரும் கேள்வி.

செய்தி வாசிப்பவர் எப்படி நடிகர் ஆனார்?

இரண்டும் வேறு வேறு வேலை மாதிரித் தெரியும். அடிப்படை ஒன்றுதான்: கேட்பவருக்கு உங்கள் முகம் தெரியாது, சொல்லால் மட்டுமே அவரைப் பிடித்து வைக்கணும்.

வானொலி நாடகத்தில் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரமே மேடை. பக்கத்தில் நின்று மெல்லப் பேசினால் மனசுக்குள் நினைப்பது. நாலு அடி தள்ளி நின்று பேசினால் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது. பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தால் ஆள் வெளியே போகிறார். காகிதம் புரளும் சத்தம் கேட்கக் கூடாது. மூச்சு வாங்கும் இடம் வசனத்தின் நடுவில் விழக் கூடாது. ஒலிப்பதிவு வசதி பரவாத காலத்தில் நாடகம் நேரடியாகவே ஒலிபரப்பானது. தப்பினால் திருத்த வழியில்லை.

இந்தப் பழக்கம் உள்ளவர் மேடைக்குப் போனால் உச்சரிப்பு கடைசி வரிசை வரை போகும். சினிமாவுக்குப் போனால் கத்தாமல் பேசியே காட்சியை நிறுத்துவார். பூர்ணத்தின் அப்பா, தாத்தா வேடங்களைக் கவனிச்சுப் பாருங்க. கோபம் வரும்போதும் குரல் உடையாது, சொற்கள் தெளிவாக விழும். அது செய்தி அறையில் கற்ற பாடம்.

இன்னொரு நன்மையும் உண்டு. வானொலியில் வயசும் உருவமும் தடையில்லை. 25 வயசுக்காரர் 70 வயசுக் கிழவராகப் பேசலாம். பிற்காலத்தில் கிழவர் வேடங்களே பிழைப்பாகப் போகும் ஒருவருக்கு அது நல்ல பயிற்சி.

மேடையில் என்ன செய்தார்?

டெல்லியிலேயே தமிழ் நாடகங்களில் நடித்தார். சென்னைக்கு வந்த பிறகு, மெரினா எழுதிய 'தனிக்குடித்தனம்' போன்ற குடும்ப நகைச்சுவை நாடகங்களில் பேர் வாங்கினார். பிறகு 'பூர்ணம் நியூ தியேட்டர்' என்று சொந்தக் குழு. அந்தக் குழுவுக்காக எழுத்தாளர் சுஜாதா நாடகங்கள் எழுதிக் கொடுத்தார்.

'கடவுள் வந்திருந்தார்' அதில் பேர்போனது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டுக்கு எதிர்காலத்திலிருந்து ஒரு ஆள் வருகிறான். அவன் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். வீட்டில் உள்ளவர்கள் பெரியவருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டுகிறார்கள். 'டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு', 'ஊஞ்சல்' ஆகியவையும் இதே கூட்டணி தந்தவைதான்.

கவனிக்க வேண்டியது, இவை நாடகமாக மேடையேறியதோடு புத்தகமாகவும் வந்தன. இன்று நீங்கள் நினைத்தால் வாங்கிப் படிக்கலாம், பள்ளியில் நடிக்கலாம். நடிகர் மறைந்த பிறகும் அவர் பேசிய வசனம் இருக்கிறது.

சினிமாவுக்கு எப்போது வந்தார்?

இதுதான் பலருக்கும் ஆச்சரியம் தரும் பகுதி. நமக்கு அவரை அடையாளம் காட்டும் படங்களில் பெரும்பாலானவை அவருடைய 58 வயதுக்குப் பிறகு வந்தவை. 1980-இல் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் கமலின் அப்பா. 1989-இல் 'வருஷம் 16', அதே ஆண்டில் 'புதுப்புது அர்த்தங்கள்' படத்தில் சௌகார் ஜானகியோடு முதிய தம்பதி. 1994-இல் 'மகாநதி', 1995-இல் 'ஆசை'. 2008 அக்டோபர் 1 அன்று, 86 வயதில் சென்னையில் காலமானார்.

மற்றவர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதில் அவருக்குத் திரை வாழ்க்கை சூடு பிடித்தது. அதற்கு மூன்று தூண்கள் இருந்தன. ஒன்று, மாதச் சம்பளம். நாடகம் ஓடாவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும். இரண்டு, சொந்தக் குழுவும், நாடகத்தை விலைக்கு வாங்கி நடத்தும் சென்னை சபாக்களும். மூன்று, பதிவு. புத்தகமும் படச்சுருளும் அவரைக் காப்பாற்றி வைத்தன.

இப்போது இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொண்டு நெகிரி செம்பிலானுக்கு வருவோம்.

தோட்டத்தில் மேடை எப்படி இருந்தது?

தோட்டத்து நடிகருக்கு முதல் மேடை கோயில் திருவிழாதான். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் பலகை அடித்து, கித்தான் கட்டி, இராத்திரி முழுக்கக் கூத்தும் புராண நாடகமும் நடக்கும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலம் அது.

அதன் பிறகு வேறொரு அலை வந்தது. தந்தை பெரியார் 1929-ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவுக்கு வந்தார், 1950-களின் நடுவில் மீண்டும் வந்தார். சீர்திருத்தப் பேச்சோடு சீர்திருத்த நாடகமும் பரவியது. கோ. சாரங்கபாணி 1952-இல் தொடங்கி வைத்த தமிழர் திருநாள், தமிழ்ப் பள்ளிகளையும் இளைஞர் மன்றங்களையும் மேடைக்குக் கொண்டுவந்தது. பொங்கல், தீபாவளி, பள்ளி விழா என்று நாடகம் போட ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. ராஜா வேஷம் கட்டியவர்கள், அடுத்து குடிகாரக் கணவனாகவும் படித்த மருமகளாகவும் பேச வேண்டி வந்தது. புராண வசனத்திலிருந்து வீட்டுப் பேச்சுக்கு நடிப்பு இறங்கிய காலம் அது.

ஆனால் நடிகர் மறுநாள் காலையில் என்ன செய்வார்? விடியும் முன்பே பெரட்டுக்குப் போவார். தோட்டத்து வேலை நாள் கூலி. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஒத்திகை என்றால் மத்தியானம் பால் நிறுத்துக் கொடுத்த பிறகோ, இரவில் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்திலோதான். பூர்ணத்துக்கு இருந்த முதல் தூண் இங்கே இப்படித்தான் ஆட்டம் கண்டது.

வானொலி எப்படி வந்தது?

போருக்குப் பிறகு, 1946 ஏப்ரல் 1 அன்று மலாயா வானொலி தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் ஒலிபரப்பு. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், அரசாங்கம் தன் செய்தியை மக்களிடம் கொண்டுபோக விரும்பியது. அதனால் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் பொது வானொலிப் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. ஊரே ஒரு பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டது. அரசாங்க அறிவிப்புக்காக வந்த பெட்டியில் பாட்டும் நாடகமும் சேர்ந்தே வந்தன. மக்கள் எதற்காகக் காத்திருந்தார்கள்னு நீங்களே யூகிக்கலாம்.

1959 ஜனவரி 1 முதல் மலாயா வானொலி சிங்கப்பூரிலிருந்து பிரிந்து, கோலாலம்பூரிலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. சிரம்பானிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். நிலையம் கிட்டே வந்தது. பிறகு டிரான்சிஸ்டர் பரவியது. மின்சாரம் வராத லயத்திலும் பேட்டரி போட்டுக் கேட்கலாம். அன்றைய அந்தத் தமிழ்ச் சேவையின் தொடர்ச்சிதான் இன்றைய மின்னல் எஃப்.எம்.

ஆனால் 60 கிலோமீட்டர் என்பது கேட்பவருக்கு ஒன்றுமில்லை, நடிக்கப் போகிறவருக்குப் பெரிய தூரம். காட்டு வேலை முடிந்து, பஸ் பிடித்து, ஒத்திகைக்குப் போய், இராத்திரி திரும்பி, மறுநாள் மறுபடியும் பெரட்டு. நாடகத்துக்கு இவ்வளவு என்று கிடைக்கும் சன்மானத்தை நம்பி யாரும் தோட்டத்து வேலையை விட முடியாது. அதனால் நிலையத்துக்குள் நின்று பிடித்தவர்களில் நகரத்தில் நிலையான வேலை உள்ளவர்களுக்கே வாய்ப்பு கூடுதல். நல்ல குரல் தோட்டத்தில் இருந்தாலும், அது கோயில் மேடையோடு நின்றுவிடும்.

திரை?

அதுவும் முதலில் கேட்கும் பார்க்கும் இடமாகத்தான் வந்தது. 1946-இல் தொடங்கிய மலாயா திரைப்படப் பிரிவு தன் படங்களைத் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் தயாரித்தது. வண்டியில் புரொஜெக்டரோடு வந்து, தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். தமிழ்நாட்டுப் படங்களும் வந்தன. 1963 டிசம்பர் 28 அன்று மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. குரலாக மட்டும் இருந்தவர்களுக்கு முகம் கிடைக்க ஒரு வழி பிறந்தது.

தோட்டத்து வாழ்க்கையையே கதையாக்கிய படங்கள் வர இன்னும் நீண்ட காலம் ஆனது. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-இல் வந்தது. 1960-களின் ரப்பர் தோட்டத்தில், மேலே படிக்க நினைக்கும் ஒரு பெண்ணின் கதை அது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இல் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய தலைமுறையின் கதை. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை அது வென்றது. ஒரு தமிழ்ப் படம் அந்த இடத்துக்கு வந்ததை நாடே பேசியது.

ஒன்றைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1950-களில் கோயில் மேடையில் 25 வயசில் நடித்தவர், 'செம்மண் சாலை' வந்தபோது 70-ஐத் தாண்டியிருப்பார். தாத்தா வேடத்துக்குச் சரியான வயசுதான். ஆனால் அவருக்கும் திரைக்கும் நடுவில் தோட்டமே கலைந்து போயிருந்தது.

தோட்டம் கலைந்தபோது என்ன ஆனது?

1950-களின் கடைசியிலேயே பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்பது தொடங்கியது. வேலையும் வீடும் ஒரே நேரத்தில் போகும் நிலை. இதற்குப் பதிலாகத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கினார். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பிறகு ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் பக்கம் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதியும் தொழிற்பேட்டையும் ஆயின.

நாடகக்காரருக்கு இது என்ன அர்த்தம்? மக்கள் வெவ்வேறு தாமானுக்குப் பிரிந்து போனார்கள். ஒரே லயத்தில் இருந்த ராஜாபார்ட்டும், பெண் வேடக்காரரும், மிருதங்கக்காரரும் வெவ்வேறு ஊர். பார்வையாளர்களும் போனார்கள். இரண்டாவது தூணான குழுவும் அரங்கமும் அப்படித்தான் சரிந்தன.

இன்று பல இடங்களில் தோட்டத்தின் பேரைச் சுமந்து நிற்பது தமிழ்ப்பள்ளி மட்டும்தான். லாபு, பிராட்வால், சுவா பெத்தோங் என்று பள்ளிப் பெயர்ப்பலகையில் படிக்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு நாடக மேடையும் இருந்திருக்கும் என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை.

பதிவு என்ன வித்தியாசம் செய்யும்?

மூன்றாவது தூணுக்குப் பக்கத்து ஊர்களிலேயே இரண்டு உதாரணம் இருக்கு.

சிங்கப்பூரின் பி. கிருஷ்ணன், 'புதுமைதாசன்' என்ற பெயரில் எழுதுபவர். 1932-இல் ஜொகூர் பாருவில் பிறந்தவர். சிங்கப்பூர் வானொலிக்காக நூற்றுக்கணக்கான நாடகங்கள் எழுதினார். அடுக்குமாடி வீட்டு வாழ்க்கையை வைத்து 1969-இல் தொடங்கிய 'அடுக்கு வீட்டு அண்ணாசாமி' அவருக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது. வானொலியில் காற்றோடு போயிருக்க வேண்டியது, புத்தகமாக வந்ததால் நின்றது. 2008-இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

இலங்கையின் கே. எஸ். பாலச்சந்திரன், யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் 1944-இல் பிறந்தவர். வானொலி, மேடை, திரை மூன்றிலும் நடித்தார். 1978-இல் வந்த 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார். யாழ்ப்பாணத்துத் தனியார் பஸ் நடத்துநராக ஒரே ஆளாக நின்று நடித்த 'அண்ணை றைற்' ஒலிநாடாவில் வீடு வீடாகப் போனது. போர் அவரைக் கனடாவுக்குத் தள்ளியது. 2014-இல் அங்கேயே காலமானார். ஊர் மாறிய பிறகும் அவருடைய பஸ் நடத்துநர் தொலையவில்லை. நாடா எங்கே போனதோ அங்கே அவரும் போனார்.

ஊர் கலைவது நெகிரி செம்பிலானுக்கு மட்டும் நடந்த சோகம் அல்ல என்பதை இது காட்டுகிறது. யாழ்ப்பாணமும் கலைந்தது. கையில் ஒரு நாடா இருந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

இப்ப நாம என்ன செய்யலாம்?

1960-களில் 20 வயசாக இருந்தவர்களுக்கு இன்று 80 வயசு. ஒலிப்பதிவுக் கருவி அன்று நிலையத்தில்தான் இருந்தது, இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கு.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், "உங்க தோட்டத்துல நாடகம் போட்டாங்களா?" என்று கேட்டு நிறுத்திவிடாதீங்க. அதற்கு "போட்டாங்க" என்றுதான் பதில் வரும். யார் எழுதினது, யார் பெண் வேடம் கட்டினது, ஒத்திகை எங்கே நடந்தது, துணிமணி யார் கொடுத்தது, தோட்டத்துத் துரை பார்க்க வந்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வசனம் ஞாபகம் இருந்தால் பேசிக் காட்டச் சொல்லுங்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் மனப்பாடம் செய்தது பலருக்கும் அப்படியே வரும். போனைப் பக்கத்தில் வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், நடுவில் பேசாதீர்கள். பதிவின் தொடக்கத்தில் பெயர், தோட்டம், தேதி மூன்றையும் சொல்லுங்கள். அவருடைய அனுமதி வாங்கிய பிறகே பிறரிடம் பகிருங்கள். பழைய நாடக நோட்டுப் புத்தகமோ, விழா அழைப்பிதழோ, வேடம் கட்டிய போட்டோவோ இருந்தால் படம் எடுத்து வையுங்கள். ஒரு பிரதியை அந்தத் தோட்டத்தின் பேரைச் சுமக்கும் தமிழ்ப்பள்ளியிடம் கொடுக்கலாம்.

பூர்ணம் விஸ்வநாதனுக்குச் சம்பளமும் சபாவும் புத்தகமும் இருந்தன. தோட்டத்து நடிகருக்கு முதல் இரண்டையும் இனி நம்மால் கொடுக்க முடியாது. மூன்றாவதைக் கொடுக்கலாம், அவர் இன்னும் பேசும் நிலையில் இருக்கும் வரைக்கும்.